‘பொலி’யை நான் மொழிபெயர்த்த குற்றம்

௧

கடல் கடந்து வாழ்பவன் ஊர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதும்போது நலம் விசாரித்து, மழை எப்படி, வெள்ளாமை எப்படி என்று கேட்டு, அதன் பிறகே தன் செய்திக்கு வருவது வழக்கம். இம்முறை அவ்வழக்கத்தை விட்டுவிடுகிறேன். சென்ற ஞாயிறு மாலை மூண்ட கோபம் இன்னும் தணியவில்லை. தணிந்த பின் எழுதினால் நாகரிகமான கட்டுரையொன்று அமையும்; அது எனக்கு வேண்டாம்.

மலாய் நாட்டில், பேரா ஆற்றங்கரைச் சிறு நகரொன்றில் பதினேழாண்டாக இருக்கிறேன். ஆற்றுக்கு அணையும் வடிகாலும் அமைக்கும் வெள்ளைக்காரக் கும்பனியொன்றில் கிராணி வேலை. எழுத்தர் என்று சொன்னால் இங்கே எவருக்கும் விளங்காது. கிராணி என்றே சொல்ல வேண்டும். தமிழ்த் தொழிலாளரைத் துரை விசாரிக்கும்போது அவர்கள் பேச்சை ஆங்கிலமாக்கிச் சொல்வதும் சில நாட்களுக்கு முன்பு வரை என் கடமையாக இருந்தது. முறையாக இலக்கணம் கற்றவன் ஆதலால் அக்கடமையில் எனக்கு ஒரு செருக்கு உண்டு. ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்பதே அந்தச் செருக்கு.

எங்கள் இலங்கையர் சங்க மண்டபத்தில் மாதம் ஒருமுறை சொற்போர் நடக்கும். உறுப்பினரில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்தார். மட்டக்களப்பார் நாங்கள் ஐந்தாறு வீட்டார். சென்ற ஞாயிறு எடுத்துக்கொண்ட பொருள், ‘இனங்களுக்கிடையே காணப்படும் செல்வ ஏற்றத்தாழ்வுக்குப் பிறப்பியல்பே காரணம்’ என்பது. ஆம் என்ற பக்கத்துக்குப் பேசியவர் தில்லைநாதன். எங்கள் கும்பனியின் தலைமைப் பணிமனையில் வேலை பார்க்கும் இளைஞர். கணீரென்ற குரல், நிறையப் படித்தவர்.

“சீனன் வெறுங்கையோடு கப்பலை விட்டு இறங்கினான். இன்று கடைத்தெரு அவனுடையது. இந்தியக் கூலி அதே துறையில் இறங்கினான். மகனும் பேரனும் அதே கூலி லயத்தில் இருக்கிறார்கள். மலாய்க்காரனுக்கு நாடே சொந்தம். அவன் தூண்டிலோடு ஆற்றங்கரையில் குந்தியிருக்கிறான். வெயில் ஒன்று, மழை ஒன்று, சட்டம் ஒன்று. வேற்றுமை வெளியிலே இல்லையென்றால் உள்ளேதானே இருக்க வேண்டும்?”

கைதட்டல் எழுந்தது. அது ஓயும்வரை காத்திருந்து, சட்டைப் பையிலிருந்து தட்டச்சுத் தாளொன்றை எடுத்தார். கும்பனியின் பழைய அறிக்கை. அதிலிருந்து ஒரு பகுதியைத் தமிழாக்கிப் படித்தார்.

“‘இலங்கைக் கீழ்க்கரைத் தொழிலாளர், தமக்கு அளக்கப்படும் அரிசி போதுமா என்று வினவப்பட்டபோது, நிறைய இருக்கிறது, பெருகிக் கிடக்கிறது என்று விடை கூறினர்.’ அன்பர்களே, இதை வெள்ளைக்காரன் கட்டிச் சொல்லவில்லை. நம் நாட்டுக் கூலியே தன் வாயால் சொன்னான். தேவை சிறிதாக உள்ளவனுக்கு முயற்சியும் சிறிதாகவே இருக்கும்.”

அந்த வாக்கியம் என்னுடையது. மூன்றாண்டுக்கு முன் நான் எழுதிக் கையொப்பமிட்டது.

௨

ரப்பர் விலை விழுந்த காலம் அது. கும்பனி செலவைச் சுருக்கிக்கொண்டிருந்தது. அங்கே அரிசியளப்புக்கு ஒரு பட்டியல் உண்டு. சீனர், மலாயர், இந்தியத் தமிழர், இலங்கையர் என்று நான்கு நிரல்கள். செய்யும் வேலை ஒன்றாகவே இருந்தாலும் அளப்பு நான்கு வகை. ஒவ்வொரு நிரலின் கீழும் ‘தேவை’ என்று ஒரு கட்டம். எந்த இனத்துக்கு எவ்வளவு பசிக்கும் என்பதைத் துரைமார் அந்தக் கட்டத்தில் எழுதி வைத்திருந்தார்கள். வெள்ளைக்கார மேற்பார்வையாளருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அவர்களுடைய தேவையை எவரும் விசாரித்ததாக நான் அறியேன்.

இலங்கையர் நிரலில் எட்டுப் பேர் இருந்தனர். எட்டுப் பேரும் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையார். பழுகாமத்துக்கு மேற்கே எங்கள் குடும்பத்துக்கு வயல்வட்டை இருப்பதை உங்களில் பலர் அறிவீர்கள். இரண்டு போகம் வெள்ளம் கொண்டுபோய், காய்ச்சலும் பரவிய ஆண்டில், என் மூத்தண்ணன் தந்த கடிதத்தோடு இவர்கள் கப்பலேறி வந்தார்கள். தலையாள் சாமித்தம்பி. அவன் எங்கள் நிலத்தில் இருபது ஆண்டு வயற்காரனாக, அதாவது போகம் முழுதும் வயலோடு கட்டுண்டு வேலை செய்பவனாக இருந்தவன். என்னைவிடப் பத்து வயது மூத்தவன். நான் அவனை ‘நீ’ என்பேன். அவன் என்னைச் ‘சின்னப்போடியார்’ என்பான். நிலமுடையவர் வீட்டுப் பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் அதுவே பெயர்.

அரிசிக் கிட்டங்கியில் விசாரணை நடந்தது. மாத அளப்புக்காகப் பாயில் அரிசி குவித்திருந்தது. துரை நாற்காலியில் இருந்தார். இந்த அளப்பு ஒருவனுக்குப் போதுமா என்று கேட்கச் சொன்னார்.

“சாமித்தம்பி, இந்த அரிசி உனக்குக் காணுமா?” என்று கேட்டேன்.

அவன் குவியலைப் பார்த்தான். தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தாழ்ந்த குரலில் “பொலி” என்றான்.

மற்ற ஏழு பேரும் ஒருவர்பின் ஒருவராக அதையே சொன்னார்கள். பொலிதல் என்றால் பெருகுதல், நிறைதல், விளங்குதல். நிகண்டைக் கேட்டாலும் அதுவே விடை. நான் அப்படியே ஆங்கிலமாக்கினேன். துரை மகிழ்ந்தார். “எல்லாரும் இவர்களைப் போல இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்” என்றார். அடுத்த மாதம் இலங்கையர் நிரலில் ஆளுக்கு ஒரு கொத்து அளவு அரிசி குறைந்தது. ‘தேவை’க் கட்டத்தில் ‘சிறிது’ என்று புதிதாக எழுதப்பட்டது.

சூடு மிதித்து நெல்லைப் பிரிக்கும் களத்தை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் நெற்களம் வழிபடும் இடம். செருப்போடு உள்ளே போகலாகாது. குவித்த தானியத்தின் முன் நின்று இல்லை, குறைவு, காணாது என்ற சொற்களை எவரும் வாயில் எடுக்கலாகாது. எடுத்தால் விளைவு தேய்ந்துபோகும் என்பது நம்பிக்கை. அவ்விடத்தில் எதற்கும் பொலி என்பதே சொல். குவியலும் பொலி; அளப்பதும் பொலி; ஒருவன் வயிறு ஒட்டிப்போய் நின்றாலும் அவன் வாயில் வருவது பொலி. மலாய் நாட்டுக் கிட்டங்கியில் பாயின்மேல் அரிசிக் குவியலைக் கண்டதும் அந்த எட்டுப் பேருக்கும் அது களமாகிவிட்டது.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். மீசை அரும்பும் முன்பே அந்தக் களத்தில் நின்றவன் நான்.

௩

சொற்போருக்கு மீள்கிறேன். நான் எழுந்து, “அந்த வாக்கியம் பிழையானது. அவர்கள் சொன்னது ‘பொலி’ என்ற ஒரு சொல்தான்” என்றேன்.

“எழுதினது ஆர்?” என்று தில்லைநாதன் கேட்டார்.

“நான்.”

மண்டபம் சிரித்தது. தலைமை வகித்தவர் கனகசபையர், ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிபர். அவர் மேசையைத் தட்டினார். “தம்பி, உம்மட கையெழுத்தை நீரே இல்லையெண்டால் நாங்கள் என்ன செய்யிறது? இரும். உங்கட ஆக்கள் பொலி பொலி எண்டு சொல்லிப்போட்டு இப்ப பசி எண்டால் ஆர் நம்புறது?”

பின்வரிசையில் அகமதுலெவ்வை கையை உயர்த்தினார். காத்தான்குடிக்காரர்; இந்நகரில் புடைவைக் கடை வைத்திருப்பவர். கூட்டம் முடிந்ததும் தரும் வடைக்காகத்தான் வருவதாக அவரே சொல்லிக்கொள்வார்.

“தலைவர் ஐயா, ஒரு கதை சொல்லட்டா? நான் வாலிபத்தில நெல்லு வாங்க அந்தப் பக்கத்துக் களங்களுக்குப் போனவன். முதல் தரம் போகக்குள்ள வாப்பா ஒண்டும் சொல்லித் தரல்ல. குவியலைப் பாத்திட்டு, என்னகா, இவ்வளவுதானா, குறையுதே எண்டுட்டன். மறுகா நான் கண் முழிச்சது வாய்க்காலுக்க. நாலு பேர் தூக்கிப் போட்டிருக்கானுகள்.”

“அப்ப பசிச்சவன் அங்க என்னத்தைச் சொல்லுவான்?” என்று கனகசபையர் கேட்டார்.

“பொலி எண்டுதான். வயிறு நிறைஞ்சாலும் அதுதான், காஞ்சாலும் அதுதான். குரலைக் கேட்டு விளங்கிக்கொள்ள வேணும்.”

“குரலை அறிக்கையில் எழுத முடியுமோ?” என்றார் தில்லைநாதன்.

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்று மாலை கேட்ட பேச்சுகளில் உண்மையான கேள்வி அது ஒன்றே.

பின்னர் எனக்குப் பேச நேரம் தந்தார்கள். நான் சொன்னவற்றின் சாரம் இது. பிறப்பியல்பே காரணம் என்றால் எங்கள் வாவியைப் பார்க்கட்டும். அதன் கிழக்குக் கரை எழுவான்கரை. மேற்குக் கரை படுவான்கரை. இரு கரையிலும் ஒரே மக்கள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பவர்கள். ஒரே கோயிலுக்கு நேர்பவர்கள். பாதிரிமார் வந்தபோது வண்டிப்பாதை கிழக்கில் இருந்தது. பள்ளிகளைக் கிழக்கில் கட்டினார்கள். மேற்கிலுள்ளவன் மகனைப் படிக்க வைக்க விரும்பினால் தோணி வேண்டும். மாரியில் தோணி ஓடாது. ஒரு தலைமுறை கழிந்தது. கிழக்கில் ஆசிரியரும் எழுத்தரும் தோன்றினார்கள். மேற்கில் வயற்காரரே இருந்தார்கள். இன்று எழுவான்கரையான் படுவான்கரையானைப் பார்த்து, “அவங்களுக்குப் படிப்பு ஏறாது” என்கிறான். ஒரு மைல் தண்ணீரைத் தாண்டினால் இனம் மாறிவிடுமா?

நாம் இந்நாட்டில் கிராணிகளாக வந்தோம், இந்தியத் தமிழன் கூலியாக வந்தான் என்றால், அதற்கும் பாதிரி எங்கே செங்கல் இறக்கினான் என்பதே பெருங்காரணம். என் தந்தை என்னை நகரத்தில் உறவினர் வீட்டில் தங்கவைத்துப் படிப்பித்தார். நிலம் இருந்தது, முடிந்தது. அந்நிலத்தை உழுதவன் மகன் படிக்கவில்லை. சீனனுக்கு, கப்பலை விட்டு இறங்கிய அன்றே தன் குலத்தார் கடையில் படுக்கப் பாயும் பிடிக்க ஒரு தொழிலும் இருந்தன. இந்தியத் தமிழனுக்குக் கடனில் கட்டி வைக்கும் கங்காணி இருந்தான். இதையெல்லாம் சட்டம் ஒன்று என்ற சொல்லால் மூடிவிட முடியாது.

தில்லைநாதன் குறுக்கிட்டார். “சரி, ஒரே பள்ளியில் ஒரே வாங்கில் இருந்த இரண்டு பேரில் ஒருவன் உயர்கிறான், ஒருவன் தாழ்கிறான். அதற்கு எந்தப் பாதிரி காரணம்?”

மனிதனுக்கு மனிதன் வேறுபடுவான், அதை நான் மறுக்கவில்லை என்றேன். அந்த வேறுபாட்டை முன்கூட்டியே இனப்பெயரின் கீழ் ஒரு கட்டத்தில் எழுதிவைத்து, அதன்படி அரிசி அளப்பதைத்தான் மறுக்கிறேன் என்றேன். கைதட்டியவர் அகமதுலெவ்வை ஒருவரே.

பெரும்பான்மையோர் கையுயர்த்தியதால் தில்லைநாதன் பக்கம் வென்றது. என் கோபத்துக்குத் தோல்வி காரணமன்று. அதற்கு முந்திய மாதம் இதே மண்டபத்தில், இதே கைகள், அரசாங்கத்துக்கு அனுப்பும் விண்ணப்பம் ஒன்றுக்காக உயர்ந்தன. ஒரே மேசையில் ஒரே வேலை செய்யும் வெள்ளைக்காரனுக்குப் பன்மடங்கு சம்பளம், எங்களுக்குச் சிறுதொகை; திறமை தோலில் இல்லை என்று அவ்விண்ணப்பத்தில் எழுதியிருந்தோம். தேவை குறைந்தவர்கள் என்று வெள்ளைக்காரன் எங்களைச் சொன்னபோது கொதித்தோம். அதே சொல்லை நாங்கள் எடுத்து எங்களுக்குக் கீழே உள்ளவன்மேல் ஒட்டினோம். மேலே பார்க்கும்போது நீதி பேசுவதும், கீழே குனியும்போது இயல்பு பேசுவதுமாகிய இந்த இரட்டை நாக்கை எங்களுக்கு எவரும் இறக்குமதி செய்து தரவில்லை. ஊரிலிருந்தே பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தோம்.

௪

அன்று வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இக்குறிப்பு முழுமையாகாது.

என் மகள் தங்கேசுக்குப் பதினொரு வயது. பள்ளியில் ஆங்கிலம், அயலில் மலாய். தமிழ் என்னிடமும் தாயிடமும் மட்டுமே. அத்தமிழும் ஆண்டுதோறும் தேய்கிறது. சாப்பாட்டு நேரத்தில் பானையை எட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, சோறு அபிசு” என்றாள். அபிசு என்பது மலாய்ச் சொல். தீர்ந்துவிட்டது என்று பொருள். வழக்கமாக நான் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துவேன்.

அன்று என் மனைவி பூரணம் திருத்தினாள். “அப்பிடிச் சொல்லப்படாது மகள். அரிசி, உப்பு, விளக்கு, இதுகளை இல்ல எண்டு சொல்லுறதில்ல. நிறைஞ்சிட்டு எண்டு சொல்ல வேணும்.”

“ஏன்? பானை வெறும்பானைதானே?”

“வெறும்பானைதான். சொல்லுறது நிறைஞ்சிட்டு எண்டு.”

“அது பொய்யம்மா.”

“பொய்யில்ல. கொப்பருக்கு விளங்கும்.”

பூரணம் சொன்னது உண்மை. மணமாகி இத்தனை ஆண்டில் அவள் “அரிசி நிறைஞ்சிட்டு” என்று சொன்ன ஒரு நாளிலாவது, வீட்டில் அரிசி பெருகிக் கிடக்கிறது என்று எண்ணி நான் சும்மா இருந்ததில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறேன். நிகண்டைப் புரட்டவில்லை. அகராதிப் பொருளுக்கு நேர்மாறானதே உண்மைப் பொருள் என்று, யோசிக்காமலே மொழிபெயர்த்துக் கொண்டேன்.

என் மனைவி சொன்னால் விளங்கிய மொழி சாமித்தம்பி சொன்னபோது ஏன் விளங்காமல் போயிற்று?

விடையும் எனக்குத் தெரியும். எங்கள் தந்தையார் அடிக்கடி சொல்வார்: “முப்பது வருசத்தில ஒருத்தனும் என்ட களத்தில நிண்டு குறை சொன்னதில்ல.” பெருமையாகச் சொல்வார். அக்களத்தில் குறை சொல்வது விலக்கு என்பதை அவர் மறந்துபோகவில்லை. களத்துக்கு வெளியே எவரையும் அவர் கேட்டதில்லை. பொலி என்ற சொல்லை அதன் நேர்ப்பொருளில் கேட்பது எங்களுக்கு வசதியாக இருந்தது. அவ்வசதிக்குப் பழகிய காதோடுதான் நான் துரையின் அருகில் நின்றேன். சொல்லைக் கூட்டாமலும் குறைக்காமலும் தந்தேன் என்று இனி எங்கும் பெருமை பேச மாட்டேன்.

௫

எட்டுப் பேரின் மூன்றாண்டு ஒப்பந்தம் அவ்வாரம் வியாழனன்று முடிய இருந்தது. மறு மூன்றாண்டுக்குக் கையொப்பமிட்டால் அந்தச் ‘சிறிது’ என்ற கட்டத்தின் கீழேயே இருப்பார்கள். இடாவிட்டால் கப்பலேற்றி விடுவார்கள். ஊரில் அவர்கள் விட்டுவந்த வேலைக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். தில்லைநாதன் கையில் அந்தப் பழைய அறிக்கை இருந்ததற்குக் காரணமும் இதுவே. புதுப்பிக்கும் தாள்களோடு இணைக்க எடுத்திருந்தார்.

திங்கள் மாலை அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். மூன்றாண்டில் அங்கே நான் போனது அதுவே முதல் தடவை என்பதையும் எழுதிவிடுகிறேன். சாமித்தம்பி வாசலில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். அவன் மைத்துனன் வைரமுத்து அடுப்பூதிக்கொண்டிருந்தான்.

“சின்னப்போடியார் இஞ்சால வந்திருக்கிறியள். என்ன விசளம்?”

நடந்ததைச் சொன்னேன். அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

“அப்ப, அண்டைக்குத் துரைக்கு என்ன சொன்னீங்க?”

“நிறைய இருக்கிறது என்று சொன்னேன்.”

“நான் பொலி எண்டன்.”

“ஓம்.”

“நீங்களும் களத்தில நிண்டவர்தானே.”

குற்றஞ்சாட்டும் குரலில் அதைச் சொல்லவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டான். பிறகு கிழங்கைத் திருப்பிக்கொண்டே, “மூண்டு வருசமா அந்த மனிசனை ஏசினன். பசிக்குது எண்டு நல்லாத் தெரிஞ்சும் ஒரு கொத்தைக் குறைச்சிட்டானே எண்டு. அவருக்குத் தெரியவே தெரியாதாகா?” என்றான்.

“மச்சான், இனி ஆளை மாத்தி ஏசு. ஆள் முன்னாலதான் நிக்காரு,” என்றான் வைரமுத்து.

நான் பிழையாக மொழிபெயர்த்தேன் என்று எழுதிக் கையொப்பமிட்டுத் துரையிடம் கொடுக்கப்போகிறேன் என்றேன். சாமித்தம்பி தலையை ஆட்டினான்.

“அப்பிடி எழுதினா அவர் நம்புவாரா? கிராணி தன்ட ஊராளுக்காகப் பொய் எழுதிறான் எண்டுவார். நான் வாறன். என்னைக் கேக்கட்டும்.”

“அங்கே அரிசி குவித்திருப்பார்கள், சாமித்தம்பி. துரை புதனன்று கிட்டங்கியில்தான் இருப்பார்; அளப்பு நாள்.”

“இருக்கட்டும். வாறன்.”

“அதன் முன் நின்று காணாது என்று சொல்வீர்களா?”

இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்: ‘சொல்வாயா’ என்று கேட்கவில்லை. அவரும் அதைக் கவனித்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்தார். கத்தியை எடுத்து அடுத்த கிழங்கை உரிக்கத் தொடங்கினார்.

௬

புதன் காலை கிட்டங்கிக்குப் போனோம். துரையிடம் நான் முன்பே பேசியிருந்தேன். அவர் எரிச்சலோடு இருந்தார். “நிறைய என்று இவனே சொன்னான். சரியான மொழிபெயர்ப்பு என்று நீ கையொப்பமிட்டாய். இப்போது என்ன?” மறுபடி ஒருமுறை கேளுங்கள் என்றேன். அதே பாய், அதே குவியல், அதே நாற்காலி. எட்டுப் பேரும் வரிசையில் நின்றார்கள். சாமித்தம்பி சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

துரை கேட்டார். நான் தமிழில் கேட்டேன். “ஐயா, இந்த அரிசி உங்களுக்குக் காணுமா?”

அவர் குவியலைப் பார்க்கவில்லை. “சின்னப்போடியார், இந்த அரிசியை வெளியால எடுக்கச் சொல்லுங்க. மறுகா சொல்லுறன்.”

மொழிபெயர்த்தேன். துரை சிரித்தார். கும்பனி அரிசியை ஒரு கூலியின் விருப்பத்துக்காக இடம் மாற்ற முடியாது என்றார்.

“அப்ப நான் வெளியால போறன். கேக்க விரும்பினா வரச் சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டு, விடைக்குக் காத்திராமல் நடந்தார். மற்ற ஏழு பேரும் அவர் பின்னே போனார்கள். வாசலைத் தாண்டி, கூரை நிழலையும் தாண்டி, மணற்றரையில் வெயிலில் போய் நின்றார்கள்.

கிட்டங்கியில் துரையும் அரிசியும் நானும் இருந்தோம். துரை கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். கோபித்து எழுந்து போய்விடுவார் என்று எண்ணினேன். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“காணாது,” என்றார் சாமித்தம்பி. “மூண்டு வருசமாக் காணாது. மாதக் கடைசியில ஏழெட்டு நாள் மரவள்ளி அவிச்சுத் தின்னுறம். கிழங்கு கிடையாத நாளில தண்ணியக் குடிச்சிட்டுச் சேத்துக்க இறங்குறம். பக்கத்தில மண் வெட்டுற சீனனுக்கு எங்களைவிட அரை மடங்கு கூட அளக்கிறாங்க. அவன்ட வயிறும் எங்கட வயிறும் ஒரே அளவுதான். வேணுமெண்டாத் துரையைத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க.”

ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன், தொட்டுப் பார்ப்பது உட்பட. துரையின் முகம் சிவந்தது. “அப்படியானால் அன்று ஏன் பொய் சொன்னான்?” என்றார்.

“அவர் பொய் சொல்லவில்லை. நான் பிழையாக மொழிபெயர்த்தேன்,” என்றேன்.

“அறியாமலா?”

அவர் வேண்டுமென்றே தந்த வழி அது. அறியாமல் என்று சொன்னால் தப்பிக்கலாம்.

“அறிந்தே,” என்றேன். “அச்சொல்லின் பொருள் எனக்குத் தெரியும்.”

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் எட்டுப் பேருக்கும் குறைத்த கொத்து மீண்டது, கையொப்பமிட்டார்கள். பட்டியல் அப்படியே இருக்கிறது. நான்கு நிரல்களும் அப்படியே இருக்கின்றன. இந்தியத் தமிழரின் கட்டத்தில் எனக்கு முன் எவர் என்ன மொழிபெயர்த்து எழுதினாரோ தெரியாது; அந்தத் தமிழரை எவரும் வெளியே வந்து கேட்கவில்லை. அதைக் குறித்துச் சங்கத்தின் பெயரில் அனுப்ப விண்ணப்பம் ஒன்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். “அது எங்கட அலுவலில்லை” என்று கனகசபையர் தள்ளிவைத்தார். என்னை மொழிபெயர்ப்பு வேலையிலிருந்து நீக்கி, பழந்தாள்கள் கட்டி வைக்கும் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அதைப்பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை.

௭

புதனன்று கிட்டங்கியிலிருந்து திரும்பும்போது சாமித்தம்பியும் நானும் ஆற்றங்கரை வழியே சேர்ந்து நடந்தோம். மகிழ்ச்சியாக இருப்பார் என்று எண்ணினேன். அவர் ஆற்றைப் பார்த்தபடியே நடந்தார். லயத்துக்குப் பிரியும் இடத்தில் நின்றார்.

“துரை வெளியால வந்து கேட்டாரு, என்ன?”

“ஓம்.”

“இருவது வருசம் உங்கட களத்தில நிண்டன் சின்னப்போடியார். ஒருத்தரும் வெளியால வந்து கேக்கல்ல.”

அவ்வளவே சொன்னார். போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சொற்போரில் எனக்குக் கிடைக்காத விடை அந்த இரண்டு வரியில் இருந்தது. இனங்களுக்கிடையே ஏற்றத்தாழ்வு ஏன் வந்தது என்று மண்டபம் கட்டி வாதிடுகிறோம். வெள்ளைக்காரன் எங்களுக்குச் செய்வதை ஆணித்தரமாக மறுக்கிறோம். ஒரே மொழி பேசி, ஒரே வாவியில் குளித்து, ஒரே களத்தில் நின்றவனுக்கு நாங்கள் செய்ததற்கு எந்த இனக்கொள்கையும் தேவைப்படவில்லை. அவன் சொல்லை அகராதிப்படி கேட்டால் போதுமாயிருந்தது.

ஆகவே மூத்தண்ணன் அவர்களுக்கு இதைப் பலர் படிக்கும் இடத்தில் வைத்தே எழுதுகிறேன். தனிக்கடிதமாக எழுதினால் மடித்துப் பெட்டகத்தில் வைத்துவிடுவீர்கள். பெரும்போகச் சூடு மிதிப்பு நெருங்குகிறது. பிரித்தளக்கும் முன் களத்தை விட்டு வெளியே வாருங்கள். வரம்பைத் தாண்டி, நெல் கண்ணில் படாத தூரத்துக்கு வயற்காரரைக் கூட்டிச் சென்று, அவர்கள் பங்கு காணுமா என்று கேளுங்கள். அவர்கள் சொல்லப்போகும் விடைக்கு மொழிபெயர்ப்பாளன் தேவையில்லை, அண்ணா; தமிழில்தான் சொல்வார்கள்.